மேட்டுக்காடும் பழைய பேப்பர் கடையும்

(விருதுநகரில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரே நாளில் நான் கண்ட இரண்டு காட்சிகளைச் சொல்லித் தொடங்குகிறேன்.

வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில் மூன்றாம் கட்ட அகழாய்வு நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு காலைப்பொழுதில் அங்கே போயிருந்தேன். வைப்பாற்றுப் படுகையில், மேட்டுக்காடு என்று ஊரார் சொல்லும் இடம். சதுரம் சதுரமாக அளந்து வெட்டிய குழிகள். ஒரு குழிக்குள் உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்து, சின்னத் தூரிகையால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். மண்ணுக்குள்ளிருந்து வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. சங்கு வளையலின் உடைந்த துண்டு. என் சுண்டுவிரல் நீளம்கூட இராது. அடைகாக்கும் கோழியின் அடியிலிருந்து முட்டையை எடுப்பவர்போல அவ்வளவு பக்குவமாக அதை எடுத்தார். ஒரு சிறு பையில் போட்டார்கள். குழி எண், ஆழம், தேதி எல்லாம் எழுதிச் சீட்டு வைத்தார்கள்.

அன்று மாலை சிவகாசிக்குத் திரும்பினேன். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பழைய பேப்பர் கடை. வாசலில் மினி லாரி நின்றது. மூடிவிட்ட அச்சகம் ஒன்றின் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கட்டுக்கட்டாகத் தீப்பெட்டி லேபிள்கள், பழைய காலண்டர் ஆல்பங்கள், ஓரம் பழுத்த சாமி படங்கள், சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்கு நோட்டுகள். ஓர் ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே, "அண்ணாச்சி, இதையெல்லாம் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "அரைக்கப் போயிரும் சார். நமக்குக் கிலோ கணக்குதான்" என்றார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் தொழிலை அவர் நேர்மையாகச் செய்கிறார்.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு கை செய்த வேலைக்குப் பையும் சீட்டும் கிடைத்தன. அறுபது, எழுபது ஆண்டுக்கு முந்தைய ஒரு கை செய்த வேலைக்குத் தராசுதான் கிடைத்தது. இரண்டும் ஒரே கரிசல் மண்ணின் கைகள். நான் இன்று பேச வந்தது இதைப் பற்றித்தான்.

முதலில் மேட்டுக்காட்டைப் பார்ப்போம். 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே முதல் கட்ட அகழாய்வைத் தொடங்கியது. 2023-இல் இரண்டாம் கட்டம். 2024 ஜூன் 18-இல் மூன்றாம் கட்டம் தொடங்கியது. ஏறத்தாழ 25 ஏக்கர் பரந்த தொல்லியல் மேடு அது. முதல் இரண்டு கட்டங்களில் மட்டும் 7,900-க்கும் மேற்பட்ட தொல்பொருட்கள் கிடைத்தன. மூன்றாம் கட்டத்தில் எண்ணிக்கை 5,000-ஐத் தாண்டியது. நுண்கற்காலக் கருவிகள், சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், நூல் நூற்கும் தக்களி, யானைத் தந்தத்தில் செய்த பகடைக்காய், சின்னச் சின்னத் தங்க அணிகள். திமிலுள்ள காளையைச் செதுக்கிய சூதுபவளக் கல் ஒன்றும் கிடைத்தது. சில்லுவட்டுகள் ஏராளம். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த விளையாட்டுக் காய்கள் அவை. சில்லுக்கோடு ஆட நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் ஓட்டாஞ்சில்லைத் தரையில் தேய்ப்பார்களே, அதேதான்.

இந்தப் பட்டியலில் அரண்மனையைத் தேடாதீர்கள். வேலை செய்தவர்களின் கருவிகளும், விளையாடியவர்களின் காய்களும், ஆசையாய் அணிந்துகொண்டவர்களின் அணிகலன்களும்தான் இதில் இருக்கின்றன. சங்கு வளையல்களும் அறுபட்ட சங்குகளும் மிகுதியாகக் கிடைப்பதால் இங்கே வளையல் அறுக்கும் தொழிற்கூடம் இருந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். யோசித்துப் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் சங்கு குளிக்கிறார்கள். வைப்பாறு போய்க் கலப்பதும் அந்தக் கடலில்தான். அந்தக் கடலின் சங்கு இந்தக் கரிசல் காட்டுக்கு வந்து சேர்கிறது. இங்கே ஒருவர் அதைக் குறுக்கே வட்டம் வட்டமாக அறுக்கிறார். இன்னொருவர் உள்வட்டத்தைத் தேய்த்து வழவழப்பாக்குகிறார். மற்றொருவர் மேலே கோடு கீறி அழகுபடுத்துகிறார். ஒரு பொருள் பல கை மாறி முழுமையாகிற தொழில் முறை. இதை நான் சொல்லும்போது சிவகாசிக்காரர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. அவர்களுக்குத் தெரியும், இதே முறையில்தான் நம் ஊர்த் தீப்பெட்டியும் உருவானது.

வெம்பக்கோட்டையிலிருந்து திருத்தங்கலுக்கு வருவோம். 2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட ஊர். ஆனால் சிவகாசியைவிட வயதில் மிக மூத்த ஊர். சங்கப் புலவர் வரிசையில் தங்கால் என்ற ஊரைப் பெயரோடு சேர்த்துக்கொண்டவர்கள் உண்டு. அந்தத் தங்காலே இன்றைய திருத்தங்கல் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அவர்களில் ஒருவர் தங்காற் பொற்கொல்லனார். அகநானூற்றிலும் புறநானூற்றிலும் அவர் பெயரில் பாடல்கள் இருக்கின்றன. அவருடைய தொழில் அவருடைய பெயரிலேயே இருக்கிறது. பகலில் பொன்னை உருக்கிய கை, பாட்டும் கட்டியிருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையிலும் திருத்தங்கால் வருகிறது. வார்த்திகன் என்பவரை அரசு ஊழியர்கள் கள்வன் என்று தவறாகச் சிறையிலிட, கொற்றவை கோயில் கதவு திறக்காமல் நின்றுவிடுகிறது. பாண்டியன் பிழையை உணர்ந்து அவரை விடுவித்து, மன்னிப்பும் கேட்டு, திருத்தங்காலையும் வயலூரையும் அவருக்கு அளிக்கிறான். நம் பகுதிக்கு நீதியின் நினைவு இவ்வளவு பழையது.

இனி, நாம் இதுவரை காப்பாற்றி வைத்திருப்பவற்றை நன்றியோடு எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் கூடியிருக்கும் இந்த விருதுநகரிலிருந்தே தொடங்கலாம். 1923 வரை விருதுபட்டி என்று வழங்கிய ஊர் இது. 1903 ஜூலை 15-இல் காமராசர் பிறந்த ஊர். அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லம். ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்தவரின் தாயார் எவ்வளவு எளிய வீட்டில் இருந்தார் என்பதை, எந்தப் பாடப்புத்தகத்தைவிடவும் அந்த வீட்டின் கூடம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்கிறது. ஒரு கட்டடத்தைக் காப்பாற்றுவதன் பொருள் அதுதான். நாம் சொல்ல வேண்டியதை அது தானே சொல்லிவிடும்.

இதே ஊரின் தேசபந்து மைதானம். 1956 ஜூலை 27-இல் தொடங்கிய தம் உண்ணாநோன்பைத் தியாகி சங்கரலிங்கனார் இங்கே நடத்தினார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளுள் ஒன்று. அக்டோபர் 13-இல் உயிர்நீத்தார். 1967 ஜூலை 18-இல் சட்டமன்றத்தில் பெயர்மாற்றத் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரி 14-இல் நடைமுறைக்கு வந்தது. நம் மாநிலத்தின் பெயரை நாம் உச்சரிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த மைதானத்தின் புழுதி அதில் கலந்திருக்கிறது. அவருக்கு விருதுநகரில் மணிமண்டபம் எழுப்பியிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். ஆனால் மைதானத்துக்கும் அழைத்துப் போங்கள். நினைவுச் சின்னத்துக்கு நிகழ்ந்த இடம்தான் வேர்.

ராசபாளையத்தில் குமாரசாமி ராஜா தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் அவர். திருவில்லிபுத்தூரில் திருமலை நாயக்கர் மகால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. திருச்சுழியில் ரமணர் பிறந்த வீடு சுந்தர மந்திரமாக நிற்கிறது. மூவரைவென்றானிலும் செவல்பட்டியிலும் பாண்டியர் காலக் குடைவரைகள் இருக்கின்றன. இவையெல்லாம் நமக்குக் கிடைத்த செல்வங்கள். இவற்றைக் காத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் இந்தப் பட்டியலை நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தலைவர் வீடு, தியாகியின் மண்டபம், மன்னர் மகால், ஞானியின் இல்லம், கோயில். பெயர் உள்ளவர்களின் நினைவை நாம் காப்பாற்றியிருக்கிறோம். பெயர் இல்லாதவர்களின் நினைவு, மண்ணுக்கு அடியில் இரண்டாயிரம் ஆண்டு கிடந்தால்தான் நம் கண்ணுக்குப் படுகிறது. மண்ணுக்கு மேலே, நம் காலத்திலேயே இருக்கும்போது அது நமக்குக் குப்பையாகத் தெரிகிறது.

சிவகாசியின் நூறு ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மழை குறைந்த வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் பொய்த்தால் பிழைக்க வழியில்லை. 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். 1923-இல் இங்கே தொழில் தொடங்கியது. வேளாண்மைக்குச் சாபமாக இருந்த வறண்ட காற்று, குச்சிக்கும் மருந்துக்கும் வரமானது. தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு. பெட்டிக்கு லேபிள் வேண்டும், அதனால் அச்சு. அச்சு வந்ததும் காலண்டர், டைரி, நோட்டு, வாழ்த்து அட்டை. ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்ற மூன்று தொழில்கள். இன்று நாட்டின் பட்டாசில் மிகப் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது.

தொடக்ககால அச்சு, கல்லச்சு. லித்தோ கல் என்று பழைய தொழிலாளர்கள் சொல்வார்கள். ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் கிடைக்கும் ஒருவகைச் சுண்ணாம்புக் கல்தான் அதற்கு உலகெங்கும் பேர்போனது. வழவழப்பாக்கிய கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். கல்லை நனைத்தால் வரைந்த இடம் மட்டும் தண்ணீரை ஏற்காது, மையை ஏற்கும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஐந்து நிறம் என்றால் ஐந்து கல், ஐந்து முறை ஓட்டம். ஒரு மயிரிழை விலகினாலும் முருகன் உதடு கன்னத்துக்குப் போய்விடும். இவ்வளவு பாடுபட்டு அச்சிட்டு முடித்ததும் என்ன செய்வார்கள் தெரியுமா? கல்லைத் தேய்த்துப் படத்தை அழித்துவிடுவார்கள். அடுத்த வேலைக்கு அதே கல் வேண்டுமே! ஆக, அந்த ஓவியரின் கைவேலைக்கு மிஞ்சிய ஒரே சாட்சி, அச்சான காகிதம்தான். பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறுவது அந்தச் சாட்சி.

கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாடகத் திரை எழுதியவர். 1976-இல் மறைந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டராகத் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. மளிகைக் கடை கொடுத்த காலண்டரை ஆண்டு முடிந்ததும் தூக்கிப்போட மனமில்லாமல், தேதித் தாள் இருந்த இடத்தைக் கத்தரித்துவிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூசையறையில் மாட்டினார்கள் நம் பாட்டிமார். கோயிலுக்குள் போகத் தடை இருந்தவர்களின் வீடுகளுக்குள்ளும் சாமி அந்தக் காகிதத்தில்தான் வந்தது. தமிழர்கள் தங்கள் தெய்வங்களை எந்த முகத்தில், எந்த நிறத்தில் மனத்தில் வைத்துக் கும்பிட்டார்கள் என்று ஒருவர் எழுத நினைத்தால், அந்த வரலாற்றின் பெரும்பகுதி சிவகாசி அச்சாபீஸ்களின் பரண்களில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கன்று இங்கே புது ஆல்பம் வெளியிடுகிறார்கள். ஊருக்கே அது ஒரு விழா. போன ஆண்டு ஆல்பத்தை என்ன செய்தோம் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இராது.

வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். ஸ்வீடனில் யோன்சொப்பிங் என்றொரு நகரம். பாதுகாப்பான தீப்பெட்டிக்கு உலகப் புகழ்பெற்ற ஊர். அங்கே பழைய தீப்பெட்டித் தொழிற்சாலைக் கட்டடத்தையே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். எந்திரமும் லேபிளும் வேலை செய்தவர்களின் கதையும் அங்கே இருக்கின்றன. அந்த ஊர் ஒரு தீப்பெட்டி ஊர். நம் ஊரும் தீப்பெட்டி ஊர். ஒரு பழைய தீப்பெட்டி ஆபீஸின் ஒரு கூடத்தை, கட்டை அடுக்கும் சட்டத்தோடும், மருந்து முக்கும் தட்டோடும், காயவைக்கும் அடுக்கோடும் நாமும் அப்படியே நிறுத்தி வைக்க முடியாதா? 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தொல்சின்னத்துக்கு நூறு ஆண்டு வயது கேட்கிறது. 1923-இல் தொடங்கிய தொழிலுக்கு அந்த வயது வந்துவிட்டது. நாம் இன்னும் கண் திறக்கவில்லை.

இப்போது, சொல்வதற்குக் கனமான ஒரு பகுதிக்கு வருகிறேன். ஆனால் இதைச் சொல்லாமல் இந்த மேடையைவிட்டு இறங்க எனக்கு உரிமை இல்லை.

நம் முன்னோர் நடுகல் நட்டார்கள். பக்கத்துத் தேனி மாவட்டத்தில், புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டுபிடித்த நடுகற்களில் தமிழி எழுத்து இருக்கிறது. அவற்றுள் ஒன்று ஆநிரைப் பூசலில் உயிர்விட்டவனுக்கு வைத்த கல். ஊருக்காகச் செத்தவனை ஊர் மறக்கக்கூடாது, பெயரை வெட்டி வை, அதன்முன் விளக்கேற்று என்று வகுத்துவைத்த நாகரிகம் நம்முடையது.

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி. பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில், தீயில் சிக்கியவர்களைக் காப்பாற்ற ஓடிய அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் இருந்தார்கள். ஆநிரை மீட்கப் போய் இறந்தவனுக்குக் கல் நட்ட மண்ணில், ஆள் மீட்கப் போய் இறந்தவனுக்கு ஒரு கல் இல்லை. 2021 பிப்ரவரி 12. அச்சங்குளம். இருபது பேருக்கு மேல் போனார்கள். நடுவிலும் பின்னாலும் எத்தனையோ நாட்கள். மருந்துக் கலவையில் உராய்வு என்று மறுநாள் செய்தித்தாளில் ஒரு வரி வரும். நிவாரணத் தொகை வரும். மூன்றாம் நாள் வேறு செய்தி. அந்தக் குடும்பங்களுக்கு மட்டும் அந்தத் தேதி ஆண்டுதோறும் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

இந்தத் தொழிலால்தான் இந்த வட்டாரம் பசியாறியது. அதைச் சொல்ல நான் தயங்கவில்லை. அதே வாயால், இந்தத் தொழிலில் வெந்தவர்களின் பெயர்களையும் நாம் சொல்ல வேண்டும். பள்ளிக்குப் போகாமல், விடியும் முன்னே வந்து நிற்கும் வேனில் ஏறித் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன பிள்ளைகளின் தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. 1990-இல் சலம் பென்னூர்க்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் அந்தப் பிள்ளைகளைப் பதிந்து வைத்தது. அந்தப் படத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். பெருமையை மட்டும் அடுக்கி வைத்தால் அது விளம்பரம். வலியும் சேர்ந்தால்தான் வரலாறு.

லண்டனின் கிழக்குப் பகுதியில், போ என்ற இடத்தில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. 1888-இல் அங்கே வேலை செய்த பெண்களும் சிறுமிகளுமாக ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைப் பாஸ்பரஸ் அவர்களில் பலருடைய தாடை எலும்பை அரித்துக்கொண்டிருந்த காலம். 2022-இல் அந்தக் கட்டடத்தின் சுவரில் அவர்கள் நினைவாக நீலப் பலகை பதித்தார்கள். 134 ஆண்டு கழித்து! பெரும்பாலோர் பெயர் பலகையில் இல்லை, ஆனால் அவர்கள் செய்தது இருக்கிறது. நாம் 134 ஆண்டு காத்திருக்க வேண்டாம். விபத்து நடந்த ஒவ்வொரு ஊரிலும், அந்த ஊர் மந்தையில், இறந்தவர் பெயர்களை வெட்டிய ஒரு கல். அந்தக் குடும்பங்கள் விரும்பினால், அவர்கள் கையாலேயே நடட்டும். நடுகல் நமக்குப் புதிய பழக்கம் இல்லை. விட்டுப்போன பழக்கம். அதைத் தொடர்வோம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். கிடைத்த மண்ணிலேயே பொருளைக் காட்சிக்கு வைப்பதால் என்ன நிகழும் என்பதைக் கீழடி காட்டிவிட்டது. 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறந்த நாளிலிருந்து பள்ளிப் பேருந்துகள் அந்த ஊருக்குப் படையெடுக்கின்றன. வெம்பக்கோட்டைப் பொருட்களும் வெம்பக்கோட்டைப் பிள்ளைகள் நடந்துபோய்ப் பார்க்கிற தூரத்தில் நிலையாக இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. உழவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏர் முனையிலோ ஜேசிபி வாயிலோ முதுமக்கள் தாழி, காசு, பழைய பானை ஏதாவது தட்டுப்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், இடம் மாற்ற வேண்டாம். பொருளைவிட அது கிடந்த இடமும் ஆழமும் முக்கியம். இடம் தெரியாத பொருள், முகவரி கிழிந்த கடிதம். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது கடமை என்கிறது அது.

கோயில் திருப்பணிக் குழுவினருக்கு ஒன்று. சுவரில் டைல்ஸ் ஒட்டும் முன்பும், பெயின்ட் அடிக்கும் முன்பும், அந்தச் சுவரில் எழுத்து இருக்கிறதா என்று ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். இருந்தால் மைப்படி எடுக்கத் தெரிந்தவர்களை அழையுங்கள். உங்கள் பாட்டன்மார் அந்தக் கோயிலுக்குக் கொடுத்த நிலமும் விளக்கும் அந்தச் சுவரில்தான் எழுதியிருக்கும். அதை மறைத்துவிட்டு உபயதாரர் பெயரைப் புதுக் கல்லில் வெட்டுவது முறையா?

அச்சக முதலாளிகளிடம் பணிவாக ஒன்று கேட்கிறேன். பரணைக் காலி செய்யும் முன் ஒவ்வொரு லேபிளிலும் ஒரு பிரதி, ஒவ்வோர் ஆண்டு ஆல்பத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கணக்கு நோட்டைக் கிழிக்காதீர்கள். எந்த ஊருக்கு எத்தனை பண்டல் போனது, எந்த மொழியில் லேபிள் கேட்டார்கள் என்பதெல்லாம் வணிக வரலாறு. ரோஜா முத்தையா நினைவிருக்கட்டும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிய தனி மனிதர். பழைய புத்தகங்களையும் அச்சிட்ட தாள்களையும் தம் கைக்காசில் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்தார். அவருடைய சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. இன்று உலகெங்கும் தமிழாய்வு செய்பவர்கள் அவருடைய வீட்டு அலமாரிக்குக் கடன்பட்டவர்கள். ஒரு தனி மனிதர் செய்ததை இத்தனை அச்சகங்கள் உள்ள ஊர் செய்ய முடியாதா?

கடைசியாக, மாணவர்களே, உங்களுக்கு. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களை அகராதியாகத் தொகுத்தார். கையில் ஒரு நோட்டோடு காதைத் திறந்து வைத்திருந்ததுதான் அவர் செய்த முதல் வேலை. மேலாண்மறைநாட்டில் சிறிய மளிகைக் கடை வைத்திருந்த மேலாண்மை பொன்னுச்சாமி, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், இந்த மனிதர்களின் கதையை எழுதி 2007-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். கட்டை அடுக்குவது, மருந்து முக்குவது, கருந்திரி போடுவது, சரம் பின்னுவது, குழாய் உருட்டுவது. இந்தச் சொற்களுக்குள் ஒரு நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது. எந்திரம் வர வர இந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. உங்கள் கையில் போன் இருக்கிறது. உங்கள் பாட்டியின் முன்னால் வைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லுங்கள். எந்த வயதில் வேலைக்குப் போனீர்கள், ஒரு குரோஸுக்கு எவ்வளவு கூலி, யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், என்ன பாட்டுப் பாடினீர்கள் என்று கேளுங்கள். அது அகழாய்வுதான். மண்வெட்டி தேவைப்படாத அகழாய்வு.

அன்று பழைய பேப்பர் கடையில் என்ன செய்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். எடை போட்டுப் பன்னிரண்டு கிலோ வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து திண்ணையில் பரப்பினேன். என் தாயாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. கண் மங்கல். ஒரு லேபிளை எடுத்து முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்தார். விரலால் தடவினார். "இது நாங்க ஒட்டுன லேபிளுடா" என்றார். பசை காய்ச்சின பானை, திண்ணையில் வரிசையாக உட்கார்ந்தது, 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ் என்று எண்ணப் பழகியதுதான் தனக்குக் கிடைத்த கணக்குப் பாடம் என்பது எல்லாம் வந்தது. கூட உட்கார்ந்து ஒட்டிய ஐந்து பேரின் பெயர்களை வரிசை மாறாமல் சொன்னார். அதில் மூன்று பேர் இப்போது இல்லை.

காலையில் மேட்டுக்காட்டில் பார்த்ததுபோலவே ஒரு சிறு பை எடுத்தேன். லேபிளை உள்ளே வைத்தேன். சீட்டு எழுதினேன். இடம், தெரு, ஏறத்தாழ எந்த ஆண்டு. வெம்பக்கோட்டைச் சீட்டில் எழுத முடியாத ஒன்றை என் சீட்டில் எழுத முடிந்தது. அந்தச் சங்கு வளையலை அறுத்தவர் யார் என்று இனி எந்த ஆய்வாளராலும் சொல்ல முடியாது. இந்த லேபிளை ஒட்டியவர்கள் யார் என்று என் தாயாரால் சொல்ல முடிந்தது. சொல்லக்கூடியவர்கள் இன்னும் பத்தாண்டு, பதினைந்தாண்டு நம்மோடு இருப்பார்கள். அதற்குள் கேட்டு எழுதிவிட வேண்டும்.

செய்தவர் என்ற இடத்தில் என் தாயார் பெயரோடு சேர்த்து ஆறு பெயர்களை எழுதினேன். எந்தப் பதிவேட்டிலும் அதற்குமுன் சேர்ந்து எழுதப்படாத ஆறு பெயர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் நீங்களும் ஒரு பெயரைக் கேட்டு எழுதுங்கள்.